வளிமண்டல அறிவியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: கணக்கின் வழியையும் எழுதுங்கள்

அன்புள்ள வளிமண்டல அறிவியலாளர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் இயற்பியல் ஆசிரியர். பருவநிலை மாற்றம் நடக்கிறது, அதற்கு முதன்மைக் காரணம் நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆகவே இதை எதிர்த்தரப்பின் கடிதமாகப் படிக்க வேண்டாம். வகுப்பில், உறவுக்காரர்கள் கூடும் இடத்தில், தொலைக்காட்சி விவாதம் ஒன்று ஓடி முடிந்த மறுநாள் ஆசிரியர் அறையில் என்று பல இடங்களில் உங்களுக்காக வாதாடும் வேலை எங்களைப் போன்றவர்கள் தலையில் விழுகிறது. அந்த வேலைக்கு நீங்கள் எங்கள் கையில் கொடுத்தனுப்பும் சரக்கு போதவில்லை. குறை அவ்வளவுதான்.

எங்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "97 சதவீத விஞ்ஞானிகள் ஒத்துக்கொள்கிறார்கள், விவாதம் முடிந்துவிட்டது." இதைச் சொன்னதும் பின்வரிசைப் பையன் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ மீதி மூணு பேர் என்ன சொல்றாங்க சார்?" நியாயமான கேள்வி. அறிவியல் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் சமாசாரம் இல்லை என்று அதே வகுப்பில் போன வாரம்தான் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் இன்னும் சங்கடம். 2013-இல் ஜான் குக்கும் உடன் ஆய்வாளர்களும் சுமார் 12,000 ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்து வகை பிரித்தார்கள். மனிதரால் வெப்பம் ஏறுகிறதா என்பது பற்றி அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எதுவுமே சொல்லவில்லை. சொன்னவற்றில்தான் 97 சதவீதம் "ஆம்" என்றன. இதில் மோசடி எதுவும் கிடையாது. ஊரறிந்த விஷயத்தை யாரும் ஒவ்வொரு கட்டுரையின் சுருக்கத்திலும் எழுதிக்கொண்டிருப்பதில்லை, அதனால் பலவற்றில் அது இல்லை. ஆனால் இதை உங்களிடமிருந்து கேட்காமல் சந்தேகக்காரர் ஒருவரின் காணொளியில் முதல்முறை கேட்பவர் என்ன நினைப்பார்? நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான். அப்புறம் நான் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

உங்களிடம் இதைவிட எவ்வளவோ நல்ல சரக்கு இருக்கிறது. அதை ஏன் உள்ளேயே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சந்தேகக்காரர்கள் கேட்பதில் மிக நல்ல கேள்வி இது: "கரியமில வாயு உறிஞ்சக்கூடிய வெப்பக் கதிரை ஏற்கெனவே முழுசாக உறிஞ்சிவிட்டது. இனிமேல் எவ்வளவு சேர்த்தால் என்ன?" இதைக் கேட்பவரை முட்டாள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியது ஆய்வகத்தில் நடந்த சோதனை. கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1896-இல் கணக்குப் போட்டார். நான்கே ஆண்டுகளில் அவருடைய நாட்டுக்காரரான நூட் ஆங்ஸ்ட்ராம் மறுப்போடு வந்தார். ஒரு குழாயில் கரியமில வாயுவை அடைத்து அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தியபோது, வாயுவைக் கணிசமாகக் குறைத்தும் உறிஞ்சலில் பெரிய மாற்றம் தெரியவில்லை. குழாயில் இருப்பதே போதும் போதும் என்ற அளவுக்கு விழுங்கிவிடுகிறது என்றால் காற்றில் இன்னும் கொஞ்சம் கூடுவதால் என்ன ஆகிவிடப் போகிறது? இந்த வாதத்தை ஏற்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு பலர் அர்ரீனியஸை மறந்தே போனார்கள்.

பூமியைப் போர்த்தியிருக்கும் போர்வை என்று நீங்கள் வழக்கமாகச் சொல்லும் உவமை இந்த இடத்தில்தான் காலை வாரிவிடுகிறது. போர்வை போதுமான அளவு தடித்துவிட்டால் அதன் மேல் இன்னொன்றைப் போட்டுப் பிரயோசனம் இல்லை என்று கேட்பவர் தானாகவே முடிவுகட்டிவிடுகிறார். அந்த உவமையை வைத்து அவருக்குப் பதில் சொல்ல வழியே இல்லை.

சரியான பதில் தரைக்குப் பக்கத்தில் கிடையாது, மேலே இருக்கிறது. தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரில் கரியமில வாயு விழுங்கும் பகுதி, அதாவது 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பட்டை, நேராக விண்வெளிக்குப் போவதில்லை. ஒரு காற்றடுக்கு விழுங்கும், திரும்ப உமிழும், அடுத்த அடுக்கு விழுங்கும். இப்படியே கைமாறி மேலே போய், இனித் தடுக்க மேலே போதுமான வாயு இல்லை என்ற உயரத்தில்தான் கதிர் வெளியே தப்பிக்கிறது. பூமி தன் வெப்பத்தைக் கழிப்பது அந்த உயரத்திலிருந்து. கரியமில வாயு கூடினால் அந்த உயரம் இன்னும் மேலே தள்ளிப்போகிறது. நாம் வாழும் கீழடுக்கில் மேலே போகப் போகக் குளிர், கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி. குளிர்ந்த காற்று குறைவாகத்தான் உமிழும். வெளியே போகும் வெப்பம் குறைகிறது, சூரியனிடமிருந்து வருவது குறையவில்லை. வரவும் செலவும் மறுபடி சமமாகும்வரை கீழே எல்லாம் சூடேறியாக வேண்டும். தப்பிக்கும் உயரம் 150 மீட்டர் ஏறினாலே தரையில் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. ஆங்ஸ்ட்ராமின் குழாயில் மேலே போகப் போக மெலியும் காற்றும் இல்லை, குளிரும் இல்லை. அதனால் அதில் இது தெரிய வாய்ப்பில்லை. போதாததற்குப் பட்டையின் நடுப்பகுதி நிரம்பினாலும் ஓரங்கள் நிரம்புவதில்லை, அங்கே உறிஞ்சல் கூடிக்கொண்டே போகிறது. இதையெல்லாம் 1956-இல் கில்பர்ட் பிளாஸ் கணினியின் துணையோடு கணக்கிட்டுக் காட்டினார்.

இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்க அரை மணி நேரம் பிடிக்கும். விளக்கி முடித்ததும் வகுப்பின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சதவீதக் கணக்கும் அந்த வேலையைச் செய்ததில்லை.

அதைவிட ருசியான அடுத்த கட்டமும் இருக்கிறது. 1967-இல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் தரையிலிருந்து மேலே நீளும் ஒற்றைக் காற்றுத் தூணை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். கரியமில வாயு இரட்டிப்பானால் தரை சுமார் 2.3 டிகிரி சூடேறும் என்று வந்தது. அதே கணக்கில், மேலே உள்ள மீள் அடுக்கு, ஸ்ட்ராடோஸ்பியர் என்கிறோமே அது, குளிரும் என்றும் வந்தது. அங்கே காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் ஓசோன் உறிஞ்சும் சூரியக் கதிர், அந்தச் சூட்டை வெளியே கழிப்பது கரியமில வாயு. வாயு கூடினால் சூடு கழிவது கூடும், காற்று குளிரும். சூரியன்தான் பிரகாசமாகி இந்த வெப்பத்தைத் தருகிறது என்றால் மேலும் கீழும் சேர்ந்தே சூடாக வேண்டும் அல்லவா? செயற்கைக்கோள்கள் வந்து அளந்து பார்த்தபோது மீள் அடுக்கு குளிர்ந்துகொண்டிருந்தது. அதன் கீழ்ப்பகுதியின் குளிர்ச்சியில் ஓசோன் இழப்புக்கும் பெரிய பங்கு உண்டு, அதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். மேலே போகப் போக கரியமில வாயுவின் கை ஓங்கித் தெரிகிறது. செயற்கைக்கோள் அளவீடு வருவதற்கு முன்பே சொல்லி, பிறகு பலித்த கணிப்பு இது. மனாபேக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தபோது செய்திகளில் "பருவநிலை மாதிரிகளின் தந்தை" என்று படித்ததோடு சரி. இந்தக் கதையைச் சொன்ன செய்தி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. செய்தியாளர்களுக்கு அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். தவறு நடந்த இடங்களை நீங்கள் பொதுவெளியில் மூடி மூடிப் பேசுகிறீர்கள். செயற்கைக்கோள் வெப்பநிலை விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1990-இல் ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும் காற்றில் உள்ள ஆக்சிஜன் உமிழும் நுண்ணலையைக் கொண்டு வெப்பநிலைத் தொடர் ஒன்றை வெளியிட்டார்கள். அது ஏறவே இல்லை. பல வருடங்களுக்குச் சந்தேகக்காரர்களின் முதல் ஆயுதம் அதுதான்: தரைமானிகள், அதாவது தரையில் உள்ள வெப்பமானிகள், பொய், கணினி மாதிரிகள் பொய், வானிலிருந்து பார்த்த செயற்கைக்கோள் மட்டும் மெய். 1998-இல் ஃபிராங்க் வெண்ட்ஸும் மத்தியாஸ் ஷாபலும் ஒன்றைக் கவனித்தார்கள். செயற்கைக்கோள் காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்கிறது, தாழ்ந்தால் பார்வைக் கோணம் மாறுகிறது, அதனால் பொய்யான குளிர்ச்சி பதிவாகிறது. அதற்குப் பின் 2005-இல் கார்ல் மியர்ஸும் வெண்ட்ஸும் இன்னொரு பிழையைப் பிடித்தார்கள். செயற்கைக்கோள் ஓரிடத்தைக் கடக்கும் நேரம் வருடத்துக்கு வருடம் நகர்வதால் செய்ய வேண்டிய திருத்தத்தில் கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் இருந்தது. ஸ்பென்சரும் கிறிஸ்டியும் ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். இன்று அவர்களுடைய தொடரே பத்தாண்டுக்கு 0.15 டிகிரியை ஒட்டி ஏற்றம் காட்டுகிறது.

எவ்வளவு அருமையான கதை! கருவி "பார்ப்பது" என்றால் என்ன, அதற்குள் எத்தனை கணக்கு ஒளிந்திருக்கிறது, எதிரெதிர் கருத்துள்ளவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று எல்லாமே இதில் இருக்கிறது. ரிச்சர்ட் முல்லரின் கதையும் அப்படித்தான். தரைமானித் தொடர்களை நம்பாத இயற்பியலாளர் அவர். பெர்க்லி எர்த் என்று ஒரு குழுவைக் கூட்டி எல்லாவற்றையும் ஆதியிலிருந்து புதிதாகக் கணக்கிட்டார். பருவநிலைக் கொள்கைகளை எதிர்ப்பதில் பேர்போன கோச் குடும்பத்தின் அறக்கட்டளையும் அதற்குப் பணம் கொடுத்தது. 2011-இல் விடை வந்தபோது முன்னவர்கள் போட்ட கோட்டின் மேலேயே இவர் கோடும் போய் உட்கார்ந்தது.

ஆனால் உங்கள் பக்கத்துத் தவறு என்று வரும்போது குரல் அடங்கிவிடுகிறது. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக் கூடும் என்று அடிப்படையில்லாத ஒரு வாக்கியம் புகுந்தது. பனியாறுகளை அறிந்தவர்கள் அதைக் கேள்விகேட்ட பிறகு, 2010 ஜனவரியில்தான் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. 2009 நவம்பரில் பிரிட்டனின் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகப் பருவநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடி வெளியிடப்பட்டபோது "இறக்கத்தை மறைக்க" என்ற சொற்றொடர் உலகத்தைச் சுற்றி வந்தது. அது வெப்பநிலையின் இறக்கத்தைக் குறிக்கவே இல்லை. பழைய கால வெப்பநிலையை அறிய மரவளையங்களைப் பார்ப்பார்கள். 1960-க்குப் பிறகு சில மரங்களின் வளையங்கள் வெப்பமானி காட்டும் ஏற்றத்தோடு ஒத்துப்போகவில்லை, அதை ஒரு வரைபடத்தில் காட்டாமல் விட்ட விஷயம் அது. விசாரணைகள் ஆய்வாளர்களின் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் தரவைத் திறந்து காட்டத் தயங்கினார்கள் என்றும், அந்த வரைபடம் தவறாகப் புரியவைக்கக் கூடியது என்றும் சொல்லத்தான் செய்தன. நீங்களோ முதல் பாதியை மட்டும் சொன்னீர்கள், எதிர்த்தரப்பு இரண்டாம் பாதியை மட்டும் சொன்னது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வேலை ஆசிரியர்களுக்கு வந்தது.

உங்கள் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1995 ஐபிசிசி அறிக்கையில் "மனிதத் தாக்கம் தெரிகிறது" என்று எழுதிய அத்தியாயத்துக்குப் பொறுப்பேற்ற பெஞ்சமின் சாண்டரை அடுத்த ஆண்டு பத்திரிகைகளில் எப்படிக் கிழித்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு சந்தேகத்தை விதைத்தவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஒரு சிறு ஒப்புதலையும் பிடுங்கிக்கொண்டு போய்க் கொடியாக்கிவிடுவார்கள் என்ற பயம் புரிகிறது. ஆனால் நீங்கள் வாயை மூடிக்கொண்டதால் அவர்கள் நிறுத்தினார்களா? இல்லையே. உங்கள் சந்தேகங்களை உங்கள் கட்டுரைகளிலிருந்தே எடுத்து, அளவைத் திரித்து, அவர்கள்தான் முதலில் மக்களிடம் கொண்டுபோகிறார்கள்.

அளவுதான் முக்கியம். எது பெரிய சந்தேகம், எது சின்னது என்று எங்களுக்குச் சொல்லுங்கள். கரியமில வாயு கூடுகிறதா, அது எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. 1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கூடவே காற்றில் ஆக்சிஜன் எரிதலுக்குத் தக்கபடி குறைகிறது, கார்பனின் ஐசோடோப் (எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள்) விகிதமும் புதைபடிவ எரிபொருளைக் கைகாட்டுகிறது. இதில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

மேகம் வேறு கதை. தாழ்வான மேகம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கும். மிக உயரத்தில் மிதக்கும் மெல்லிய மேகம் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சூடேறும் உலகில் எது எவ்வளவு மாறும்? உலகளாவிய கணினி மாதிரியின் ஒரு கட்டம் பல பத்துக் கிலோமீட்டர் அகலம், ஒரு மேகம் சில நூறு மீட்டர். கட்டத்துக்குள் அடங்காத மேகத்தை மாதிரிக்குள் சூத்திரமாகத்தான் திணிக்க முடிகிறது, அந்தச் சூத்திரத்தில் மாதிரிக்கு மாதிரி வேறுபாடு. 1979-இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு, கரியமில வாயு இரட்டிப்பானால் 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. 2013 ஐபிசிசி அறிக்கையிலும் அதே 1.5 முதல் 4.5. இடையில் முப்பத்து நான்கு வருடம்! 2021-இல்தான் அது 2.5 முதல் 4 என்று சுருங்கியது, நடுமதிப்பு 3. அதற்குள் புதிய மாதிரிகளில் சில 5 டிகிரிக்கு மேல் காட்ட, அவற்றின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பழங்காலப் பருவநிலைச் சான்றுகளையும் அளவீடுகளையும் வைத்து நீங்களே மட்டுப்படுத்தினீர்கள். உங்கள் சொந்த மாதிரிகளையே நீங்கள் இப்படி உரசிப் பார்க்கிறீர்கள் என்பது வெளியே யாருக்குத் தெரியும்?

ஏரோசால் என்னும், காற்றில் மிதக்கும் நுண்துகள்களும் அப்படியே. எரிபொருளோடு வெளிவரும் கந்தகத் துகள்கள் ஒளியைத் திருப்பி, மேகங்களை வெண்மையாக்கி, நாம் உண்டாக்கிய வெப்பத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்திருக்கின்றன. எவ்வளவு பங்கு? 2021 அறிக்கையின்படி பசுங்குடில் வாயுக்கள் தந்த சூடு 1 முதல் 2 டிகிரிக்குள், துகள்கள் உட்பட மனிதர் உண்டாக்கிய மற்ற காரணிகள் குளிர்வித்தது பூஜ்யம் முதல் 0.8 டிகிரிக்குள். இவ்வளவு அகலமான வீச்சை நான் மேடையில் சொன்னால் "உங்களுக்கே தெரியாதா?" என்பார்கள். சொல்லட்டும். 1991-இல் பினாடுபோ எரிமலை வெடித்துக் கந்தகத்தை மேலே கொட்டியபோது, உலகம் சுமார் அரை டிகிரி குளிரும் என்று ஜேம்ஸ் ஹான்சனின் குழு கணித்து வெளியிட்டது, அப்படியே நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவருக்கு அளவு பிடிபடும்.

பயமுறுத்தும் தலைப்புகளுக்கும் உங்களிடம் கொஞ்சம் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆர்சிபி 8.5 என்ற எதிர்காலப் பாதை, நிலக்கரிப் பயன்பாடு பல மடங்கு பெருகி 2100-இல் கரியமில வாயு பத்து லட்சத்தில் 900 பங்குக்கு மேல் போகும் என்ற உச்சக் கற்பனை. ஆய்வுக்கு அது தேவைதான். ஆனால் "இப்படியே போனால் நடப்பது இதுதான்" என்ற பெயரில் எத்தனை பத்திரிகைக் குறிப்புகள் வந்தன! அது தவறான பெயர் என்று 2020-இல் உங்களவர்களான சீக் ஹவுஸ்ஃபாதரும் கிளென் பீட்டர்ஸும்தான் வெளிப்படையாக எழுதினார்கள். எனக்கு அதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. புயல் விஷயத்திலும் இந்த நிதானம் வேண்டும். ஒரு டிகிரிக்குக் காற்று 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், ஆகவே கனமழை கூடும். இது கெட்டியான இயற்பியல். வலுவான புயல்களின் விகிதம் கூடியிருக்கிறது என்பதில் ஓரளவு உறுதி. உலகில் புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடுகிறது என்பதற்கு அப்படிச் சான்று இல்லை. மூன்றையும் ஒரே குரலில் சொன்னால் மூன்றும் ஒரே தரம் என்று ஆகிவிடுகிறது.

தொலைக்காட்சியில் இரண்டு நாற்காலி போட்டு எதிரெதிரே உட்காரவைக்கும் நிகழ்ச்சிகளுக்கு நீங்கள் போகாமல் இருப்பதே நல்லது. கேள்விக்கு நாற்பது விநாடி கொடுக்கும் இடத்தில் காற்றுத் தூணை விளக்க முடியாது. ஆனால் சந்தேகத்தோடு இருக்கும் சாதாரண மக்கள் கூடி அழைத்தால் அவசியம் போங்கள். அணுமின்சாரம் வேண்டுமா, வரி போட வேண்டுமா என்று அங்கே கேட்டால் கருத்துச் சொல்லுங்கள், தாராளமாக. அது குடிமகனின் கருத்து, வளிமண்டலக் கணக்கின் விடை இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், போதும்.

கடைசியாக, உடனே செய்யக்கூடிய ஒரு வேலை. 2023-இன் நடுப்பகுதியிலிருந்து உலக வெப்பநிலை எதிர்பார்ப்பைத் தாண்டிக் குதித்தது. அந்த வருடம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.45 டிகிரி, 2024-இல் 1.55 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. பசிபிக் கடலின் வெப்பம் கூடும் எல் நினோ இருந்தது, சரி. ஆனால் அது மட்டும் போதவில்லை, 0.2 டிகிரி அளவுக்குக் கணக்கு இடிக்கிறது என்று 2024 மார்ச்சில் நாசாவின் கேவின் ஷ்மிட் பகிரங்கமாக எழுதினார். 2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளின் கந்தகத்தை 3.5 சதவீதத்திலிருந்து 0.5-க்குக் குறைத்தார்கள், அதனால் ஒளியைத் திருப்பும் துகள்கள் குறைந்தன. 2022-இல் ஹூங்கா டோங்கா எரிமலை மீள் அடுக்குக்கு ஏராளமான நீராவியை ஏற்றியது. 2024 இறுதியில் வந்த ஓர் ஆய்வு, தாழ்ந்த மேகங்கள் குறைந்து பூமி திருப்பி அனுப்பும் ஒளி பதிவுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்ததைக் காட்டியது. அப்படியானால் மேகம் ஏன் குறைந்தது? துகள் குறைந்ததாலா, தற்செயலா, சூடேறியதன் எதிர்வினையா? கடைசி என்றால் மேலே சொன்ன அந்த 2.5 முதல் 4 என்ற வீச்சில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே மாறும்.

இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு வந்த பிறகு பத்து வரிச் சுருக்கமாக எங்களுக்கு அனுப்பாதீர்கள். யார் எதைச் சொல்கிறார்கள், எந்த அளவீடு வந்தால் யாருடைய விளக்கம் தோற்கும், இதுவரை எது தோற்றுவிட்டது என்பதை மாதாமாதம், சாதாரண மக்கள் படிக்கும் மொழியில், படங்களோடு எழுதுங்கள். வகுப்பில் அதைச் சுவரில் ஒட்டிவைக்க நான் தயார். அந்தப் பின்வரிசைப் பையன் அதில் ஏதாவது ஒரு தரப்பைப் பிடித்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வருவான், நிச்சயம்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்